'வந்தார்' என்று எழுதியது யார்?

கேள்வி: எனக்கு 41 வயது, ஊர் திருச்செங்கோடு. அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தார். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்விடுவார். அதை வைத்து 31 அத்தியாயங்களில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். வீட்டில் நடப்பதெல்லாம் 'நான்' என்று இருக்கும். அப்பா வெளியூரில் இருக்கும் பன்னிரண்டு அத்தியாயங்கள் மட்டும் படர்க்கை. எல்லாமே இறந்தகாலம். படித்துப் பார்த்த தோழி, "நான் நான் என்று டைரி மாதிரி இருக்கிறது, முழுக்கப் படர்க்கைக்கு மாற்று" என்கிறாள். ஆங்கில நாவல்கள் நிறையப் படிக்கும் சித்தப்பா மகன், "நிகழ்காலத்துக்கு மாத்துங்கக்கா, கண்ணெதிரே நடக்கிற மாதிரி இருக்கும்" என்கிறான். முதல் ஆறு அத்தியாயங்களை நிகழ்காலத்துக்கு மாற்றியும் விட்டேன். இப்போது எது சரி என்றே தெரியவில்லை. நான்காம் அத்தியாயத்தின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும், பதினோராம் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். இரண்டையும் கலந்து எழுதினால் தப்பா? அப்பாவை 'நீ' என்று கூப்பிட்டு எழுதலாமா? மொத்தத்தையும் மாற்ற எவ்வளவு நாள் ஆகும்?

பதில்: வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள். ஏழாம் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். மாற்றிய ஆறையும் அழித்துவிட வேண்டாம், தனிக் கோப்பில் இருக்கட்டும். அவற்றால் ஒரு பயன் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எழுதிய நாவலில் தன்மை, படர்க்கை என்று ஆளை மாற்றுவது நீங்கள் மட்டும் மாட்டிக்கொண்ட சங்கடம் இல்லை. தஸ்தயெவ்ஸ்கி 'குற்றமும் தண்டனையும்' நாவலை முதலில் கொலை செய்தவனே சொல்லும் வாக்குமூலமாகத்தான் எழுதிப் பார்த்தார். 1865 நவம்பர் முடிவில் எழுதியதையெல்லாம் எரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியதாக நண்பர் ஒருவருக்கு எழுதினார். புதிய வடிவத்தில் கதையைச் சொல்பவர் கண்ணுக்குத் தெரியாத, எல்லாம் அறிந்த ஒருவர்; ஆனால் நாயகனை ஒரு நிமிடமும் விட்டு நகராதவர் என்று தன் குறிப்பேட்டில் வகுத்துக்கொண்டார். காஃப்கா 1922இல் 'கோட்டை' நாவலை 'நான்' என்று தொடங்கினார். கொஞ்ச தூரம் போனபின் திரும்பி வந்து, அந்த 'நான்'களை அடித்துவிட்டு 'கே.' என்று போட்டார்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரு வசதி இருந்தது, நமக்கு அது இல்லை. ஜெர்மன் இறந்தகாலத்தில் 'வந்தேன்', 'வந்தான்' இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றுதான். ரஷ்யனிலும் இறந்தகால வினை ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று காட்டுமே தவிர, தன்மையா படர்க்கையா என்று காட்டாது. காஃப்கா 'நான்', 'என்', 'எனக்கு' ஆகியவற்றை மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. தமிழில் பெரும்பாலான வாக்கியங்களின் கடைசியில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். வந்தேன், வந்தாள், வந்தான், வந்தார், வந்தது. எழுவாயை எடுத்துவிட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். எனவே உங்கள் தோழி சொல்கிற மாற்றம் ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் கைவைத்துத் திருத்துகிற வேலை.

கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒருமுறை ஓர் எழுத்தாளர் '-ேன்' என்பதைத் தேடி எல்லா இடத்திலும் '-ாள்' என்று மாற்றிய பிரதியை எனக்கு அனுப்பினார். வந்தேன் எல்லாம் வந்தாள் ஆகியிருந்தது, சரி. கூடவே, அந்தக் கதையில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் வாள் வந்தது, அவர்கள் கடையில் தாள்மிட்டாய் வாங்கித் தின்றார்கள். வேனும் தேனும் என்ன பாவம் செய்தன?

இப்போது உங்கள் பதினோராம் அத்தியாயத்துக்கு வருகிறேன். நாவலில் அப்பாவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். இங்கே அதைத் தவிர்த்துவிட்டு 'அவர்' என்றே வைத்துக்கொள்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு காடு, போர் போட்டுத் தண்ணீர் வராத இடம்:

"அவர் கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். 500 அடி போயும் வெறும் தூசிதான் பறந்தது. நிலத்துக்காரன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் குந்தினான். அவனுக்கு அறுபது வயது இருக்கும். ஹெல்ப்பர் பையன் ராடைக் கழற்றத் தொடங்கினான். இனி என்ன செய்வது என்று அவர் நினைத்தார்."

நல்ல பக்கம். தூசி, துண்டு, ராடு எல்லாம் அததன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் விகுதிகளை மட்டும் பாருங்கள். நாற்பது வயது டிரில்லர் 'சொன்னார்'. அறுபது வயது விவசாயி 'குந்தினான்'. இந்த மரியாதைக் கணக்கைப் போட்டது யார்? அந்தக் காட்டில் நின்ற யாரும் இல்லை. உங்கள் அப்பா தன்னைத் தானே 'ஆர்' என்று நினைத்துக்கொள்ளப் போவதில்லை. அந்தப் பெரியவரை அவர் மனதுக்குள்ளும் 'ஆன்' என்று சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான். இந்தக் கணக்கு திருச்செங்கோட்டில் இருக்கும் ஒரு மகளுடையது. அவளுக்கு அப்பா 'அவர்', முகம் தெரியாத வடநாட்டுக் கிழவர் 'அவன்'. படர்க்கை என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தையும் நீங்கள் தன்மையில்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆங்கிலம் போன்ற மொழிக்காரர்களுக்குக் கண்ணில் படாத இடம் இது. அவர்களுடைய எழுத்துக்கலைப் புத்தகங்களில், படர்க்கை என்றால் யார் மனதுக்குள் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. தமிழில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: யாரை 'ஆர்' என்று சொல்கிறோம், யாரை 'ஆன்' என்று சொல்கிறோம்? பண்ணையார் 'வந்தார்', பண்ணையாள் 'வந்தான்' என்று எழுதிய அந்தக் கணமே கதைசொல்லி எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. எழுதுகிறவருக்கே தெரியாமல் நடப்பதால்தான் இதைத் திருத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் நாவல் முழுக்க அப்பா 'வந்தார்', அம்மா 'வந்தாள்'. நம் வழக்கம் அப்படித்தான், தவறு என்று சொல்ல வரவில்லை. சிறுமி சொல்லும் இடத்தில் அது உண்மைக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் 41 வயதுப் பெண் அம்மாவை என்னவென்று சொல்வாள் என்று ஒருமுறை யோசித்துவிட்டு எழுதுங்கள். யோசித்தபின்னும் 'வந்தாள்' என்றே இருக்கலாம்.

அந்தப் பக்கத்தைத் திருத்த இரண்டு வழி இருக்கிறது. அப்பாவுக்குள் உண்மையாகவே இறங்குவது முதல் வழி.

"அவன் கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னான். 500 அடி. வெறும் தூசி. பெரியவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் குந்தினார். இன்னும் நூறு அடி இறக்கலாமா? இறக்கினால் காசு யார் தருவது? ஹெல்ப்பர் பையன் கேட்காமலே ராடைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். நாளை விடிவதற்குள் வண்டி அடுத்த பாயிண்டில் நிற்க வேண்டும்."

'ஆரும் ஆனும்' இடம் மாறிக்கொண்டன. 'என்று அவர் நினைத்தார்' போய்விட்டது. படர்க்கையில் எழுதுகிறவர்கள் இந்த 'என்று நினைத்தான்', 'என்று தோன்றியது' என்பதையெல்லாம் வெட்டிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் தேவைப்படாது. கேள்வி யாருடையது என்பது தானாகவே தெரியும். இன்னொன்று, 'மறுநாள்' என்று போடாமல் 'நாளை' என்று போட்டிருக்கிறேன். 'மறுநாள்' என்பது தள்ளி நின்று சொல்பவரின் சொல். 'நாளை' என்பது அங்கே நிற்பவனின் சொல். அன்று, இன்று, அங்கே, இங்கே, போனான், வந்தான் இவையெல்லாம் விகுதியைப் போலவே ஆளோடு ஒட்டியவை. ஆளை மாற்றிவிட்டு இவற்றை அப்படியே விட்டால் தையல் வெளியே தெரியும்.

தன், தனக்கு என்ற சொற்களும் உங்கள் கையில் இருக்கின்றன. 'அவன் மகளுக்கு எழுத வேண்டும்' என்றால் யாருடைய மகள் என்று வாசகர் ஒரு நொடி நிற்பார். 'தன் மகளுக்கு' என்றால் நேரே அவன் மனசுக்குள் போய்விடுகிறோம்.

இரண்டாம் வழி, எழுதுவது மகள்தான் என்று ஒப்புக்கொண்டுவிடுவது.

"அப்பா கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னாராம். 500 அடிக்கும் வெறும் தூசியாம். வண்டியில் சமையலுக்குப் போயிருந்த மாமா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். நிலத்துக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குந்திவிட்டாராம். மாமா சொன்னது அவ்வளவுதான். அப்பா பீடி பற்றவைத்திருப்பார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் காலில் போட்டு மிதித்திருப்பார். ஹெல்ப்பர் பையன் ராடைக் கழற்ற ஆரம்பித்தான். அப்பா அவனைத் தடுக்கவில்லை."

இந்த 'ஆம்' நம் மொழி கொடுத்திருக்கிற சொத்து. கேள்விப்பட்டது, நான் பார்க்கவில்லை என்பதை ஒரே அசையில் முடித்துவிடுகிறது. அதற்கு அடுத்த படி 'பற்றவைத்திருப்பார்', 'மிதித்திருப்பார்'. இது ஊகம். கடைசியில் பாருங்கள், 'ஆரம்பித்தான்', 'தடுக்கவில்லை' என்று சாதாரண இறந்தகாலத்துக்கு வந்துவிட்டேன். கேள்விப்பட்டதிலிருந்து ஊகம், அங்கிருந்து கண்ணால் பார்த்தது போன்ற நிச்சயம். மூன்று நான்கு வாக்கியங்களில் வாசகர் மகளோடு சேர்ந்து அந்தக் காட்டுக்குள் போய்விடுவார். அத்தியாயம் முழுக்க 'ஆம் ஆம்' என்று இழுக்க வேண்டியதில்லை. வாசலில் இரண்டு மூன்று இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடலாம், வெளியே வரும்போது இன்னொன்று.

இரண்டில் எது என்று கேட்டால் இரண்டாவது என்பேன். முதல் வழியும் நல்ல வழிதான், ஆனால் அது வேறு நாவல். அது அப்பாவின் நாவல். நீங்கள் அனுப்பியதில் என்னைப் பிடித்து நிறுத்தியது, அந்த எட்டு மாதம் அப்பா என்ன செய்தார் என்று மகளுக்குத் தெரியாது என்பதுதான். தோழி சொல்வதுபோல முழுக்கப் படர்க்கைக்குப் போனால் அந்தத் தெரியாமை காணாமல் போய்விடும். எல்லாம் தெரிந்த ஒருவர் இரண்டு இடத்திலும் நின்று பார்த்துச் சொல்வார். வாசகருக்கும் எல்லாம் தெரியும். அப்புறம் மகள் வாசலில் காத்திருப்பதற்கு என்ன அர்த்தம்?

தோழியின் காதில் 'டைரி மாதிரி' என்று விழுந்தது பொய் இல்லை. ஆனால் காரணம் வேறு. அனுப்பிய பக்கங்களில் 'நான்' என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் 14 முறை. 'நான் எழுந்தேன். நான் வாசலுக்குப் போனேன். நான் பார்த்தபோது...' தமிழில் 'எழுந்தேன்' போதும், 'நான்' அதற்குள்ளேயே இருக்கிறது. மற்றவர்கள் யாரும் செய்யாததை நீங்கள் செய்தீர்கள் என்று அழுத்த வேண்டிய இடத்துக்கு மட்டும் 'நான்' வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுங்கள். தோழியிடம் மறுபடி கொடுத்துப் பாருங்கள். தம்பியோடு சேர்ந்து காத்திருக்கும் அத்தியாயங்களில் 'நாங்கள்' இன்னும் தாராளமாக வரலாம். 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்று பிரித்து வைத்திருக்கிற மொழி நம்முடையது. 'நாங்கள் இரண்டு பேரும் லாரிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம்' என்னும்போது வாசகர் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். அது நல்லதுதான்.

இனி காலம். உங்கள் நான்காம் அத்தியாயத்தின் பழைய வடிவம்:

"அப்பா வந்தால் நேராக வீட்டுக்குள் வரமாட்டார். வாசல் தொட்டியில் கை கால் கழுவுவார். மண் போகாது. அம்மா சீயக்காய்த் தூளை எடுத்துக்கொண்டு வருவாள். அந்த டீசல் வாடை எனக்குப் பிடிக்கும். அந்த வருஷம் மட்டும் அப்பா கழுவாமலே உள்ளே வந்தார்."

மாற்றியது:

"அப்பா வருகிறார். நேராக வீட்டுக்குள் வரவில்லை. வாசல் தொட்டியில் கை கால் கழுவுகிறார். மண் போகவில்லை. அம்மா சீயக்காய்த் தூளை எடுத்துக்கொண்டு வருகிறாள். டீசல் வாடை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த வருஷம் அப்பா கழுவாமலே உள்ளே வருகிறார்."

பழையதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து வாக்கியம் 'மாட்டார், கழுவுவார், போகாது, வருவாள், பிடிக்கும்' என்று போய், ஆறாவது வாக்கியத்தில் 'வந்தார்' என்று விழுகிறது. ஏதோ நடந்துவிட்டது என்பதை நீங்கள் சொல்லவே இல்லை, வினைச்சொல் சொல்லிவிட்டது.

கழுவுவார், வருவாள் எல்லாம் வடிவத்தில் எதிர்காலம். ஆனால் நாம் பழைய ஞாபகத்தைச் சொல்வது அதில்தான். 'எங்க பாட்டி வெள்ளிக்கிழமையானா வாசல்ல சாணி தெளிப்பாங்க' என்று சொல்லும்போது பாட்டி நாளைக்குத் தெளிக்கப் போகிறார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பலமுறை நடந்தது ஒரே வடிவத்தில், ஒருமுறை நடந்தது வேறு வடிவத்தில். உங்கள் நாவல் முழுக்க இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. வருஷா வருஷம் போவார், வருவார். ஒரு வருஷம் மட்டும் வேறு மாதிரி நடந்தது. நிகழ்காலத்துக்கு மாற்றியதும் ஆறு வாக்கியமும் ஒரே நாளில், ஒரே தட்டையில் வந்துவிட்டன. அப்பா இதற்கு முன் இருபது தடவை கழுவியிருக்கிறார் என்பது எங்கே போயிற்று? போதாததற்குப் புதிய வடிவத்தில், முதலில் கழுவுகிறவர் கடைசி வரியில் கழுவாமல் வருகிறார். அது பிழையாகவே ஆகிவிட்டது.

'பிடிக்கும்' என்பதையும் பாருங்கள். அப்போது பிடிக்கும் என்றும் படிக்கலாம், இன்றைக்கும் பிடிக்கும் என்றும் படிக்கலாம். தெரியும், பிடிக்கும், வேண்டும், முடியும் போன்ற வினைகள் இந்த வேலையைச் செய்யும். 'பிடித்திருக்கிறது' என்றால் புதுச்சட்டை பிடித்திருக்கிறது என்பது போல ஆகிவிடுகிறது.

அதற்காக உங்கள் சித்தப்பா மகன் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். நிகழ்காலம் ஆங்கிலத்திலிருந்து வந்த நாகரிகம் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாம் பேசும்போது அதைத் தினமும் செய்கிறோம். 'நேத்து ஆபீசுக்குப் போனேன். போனா கதவு சாத்தியிருக்கு. வாட்ச்மேன் நிக்கறான். என்னங்கன்னு கேக்கறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான். சரின்னு வந்துட்டேன்.' இறந்தகாலத்தில் தொடங்கி, முடிச்சு விழும் இடத்தில் நிகழ்காலத்துக்குத் தாவி, வேலை முடிந்ததும் இறந்தகாலத்துக்குத் திரும்பிவிடுகிறோம். பவணந்தியார்கூட நன்னூலில் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நான்கு காரணம் வைத்து, அந்த இடங்களில் காலம் மாறி வரலாம் என்கிறார். தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே வாசலில் கூப்பிட்டவருக்கு 'வந்துட்டேன்' என்று குரல் கொடுக்கிறோமே, அது அவர் கணக்கில் விரைவு. காலம் மாறுவது இலக்கணத்துக்கே சம்மதம். நாள் முழுக்க மாறியே இருப்பதுதான் சிரமம். 31 அத்தியாயமும் 'கிறார் கிறாள் கிறேன்' என்று முடியும்போது, அந்த 'கிற' ஒரு கட்டத்தில் கரகரவென்று காதில் உரச ஆரம்பிக்கும். சினிமா திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு அது தொந்தரவு இல்லை, அவர்களுடைய வாக்கியங்களை வாசகர் கேட்கப் போவதில்லை.

இந்த விஷயத்தில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். பல வருஷம் முன்பு ஓர் இளம் எழுத்தாளரை, கிட்டத்தட்ட உங்கள் சித்தப்பா மகன் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி, நாவல் முழுவதையும் நிகழ்காலத்துக்கு மாற்ற வைத்தேன். எட்டு மாதம் அதற்கே போயிற்று. புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவில் அவர் எழுந்து இரண்டு பக்கம் வாசித்தார். நான் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூடவே பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் 'நடக்கிறாள்' என்று இருந்தது, அவர் 'நடந்தாள்' என்று வாசித்தார். 'திரும்புகிறாள்' என்று இருந்தது, 'திரும்பினாள்' என்றார். தான் மாற்றி வாசிப்பது அவருக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். மாற்றிய ஆறு அத்தியாயங்களை வைத்திருக்கச் சொன்னது இதற்குத்தான். போனில் பதிவு செய்துகொண்டு அவற்றைச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும்போது திருத்த வேண்டாம். அப்புறம் பதிவைக் கேட்டுக்கொண்டே பிரதியைப் பாருங்கள். உங்கள் நாக்கு தானாக இறந்தகாலத்துக்குப் போன இடங்களில் ஒரு கோடு போடுங்கள். நாக்கு மாறாமல் நிகழ்காலத்திலேயே நின்ற இடங்கள் சில இருக்கும். மூன்றோ நாலோ பத்திகள், அவ்வளவுதான் தேறும் என்று நினைக்கிறேன். அவற்றை எடுத்துத் தனியே வையுங்கள். பழைய வடிவத்துக்குள் அவை அப்படியே நிகழ்காலத்திலேயே போய் உட்காருமா என்று பார்க்கலாம்.

நிகழ்காலத்துக்கு உங்கள் நாவலில் இன்னொரு வேலையும் இருக்கிறது, நீங்கள் அதைக் கொடுக்கவே இல்லை. 41 வயதில் இதை எழுதிக்கொண்டிருக்கும் பெண் எங்கே? சிறுமி தெரிகிறாள், அவளைப் பற்றிச் சொல்கிறவள் தெரியவில்லை. 'இறந்தகாலம்' என்றால் எந்த இடத்திலிருந்து பார்த்து இறந்தகாலம்? அடுத்த வாரம் சொல்வது ஒரு மாதிரி இருக்கும், முப்பது வருஷம் கழித்துச் சொல்வது வேறு மாதிரி. 'இப்போது அந்தத் தொட்டி இல்லை. டைல்ஸ் போட்டிருக்கிறோம்' என்று நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி வந்தால் போதும், சொல்கிறவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துவிடும். நிகழ்காலத்தை அவளுக்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள். அவள் ஏன் இப்போது இதைச் சொல்ல வந்தாள் என்பதும் எங்காவது தெரிய வேண்டும். வாசகரிடம் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கலந்து எழுதினால் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை. டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' 1852, 1853 வருஷங்களில் தொடராக வந்த நாவல். அதில் ஒரு பாதி, பெயரில்லாத கதைசொல்லி படர்க்கையில், நிகழ்காலத்தில் சொல்வது. மறுபாதி, எஸ்தர் என்ற பெண் 'நான்' என்று இறந்தகாலத்தில் சொல்வது. இரண்டையும் மாற்றி மாற்றித்தான் கொண்டுபோகிறார். ஆனால் அங்கே இரண்டு பேர் பேசுகிறார்கள், இரண்டு பேருக்கும் தெரிந்தது வேறு வேறு. உங்கள் பிரதியில் இரண்டு அமைப்பு இருந்தாலும் பேசுவது ஒரே ஆள். அந்த 'ஆர்' காட்டிக்கொடுத்தது அதைத்தான்.

அப்பாவை 'நீ' என்று கூப்பிட்டு எழுதுவது பற்றி: உங்கள் ஊரில் அப்பாவை நேரில் 'நீ' என்று கூப்பிட்டிருக்கிறீர்களா? 'வாங்கப்பா, போங்கப்பா' என்றுதானே இருந்திருக்கும். 31 அத்தியாயம் 'நீங்கள் வந்தீர்கள், நீங்கள் போனீர்கள்' என்று எழுதினால் அது கல்யாணப் பத்திரிகையோடு அனுப்பும் கடிதம் மாதிரி ஆகிவிடும். சாமியிடமும் இறந்த பெரியவர்களிடமும் 'நீ' என்று பேசுகிற உரிமை நமக்கு இருக்கிறது. ஒப்பாரியில் அப்பனை 'நீ' என்றுதான் அழைக்கிறார்கள். அதனால் ஒரே ஓர் இடத்தில், அப்பா இறந்தபின், அம்மாவோ மகளோ முதல்முறையாக 'நீ' என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். வேண்டுமா என்பதை அந்த இடம் வரும்போது பாருங்கள்.

வேலையை எப்படித் தொடங்குவது? முதல் அத்தியாயத்திலிருந்து வேண்டாம், அது ஏற்கெனவே பலமுறை தேய்ந்துபோனது. பதினோராம் அத்தியாயத்தை எடுங்கள். பழைய பிரதியை மூடிவைத்துவிட்டு, பார்க்காமல், மறுபடி கையால் எழுதுங்கள். பார்த்துக்கொண்டே எழுதினால் விகுதியை மட்டும்தான் மாற்றுவீர்கள். பார்க்காமல் எழுதினால் மகளுக்குத் தெரியாத விஷயங்கள் தாமாகவே விழுந்துவிடும். உதாரணமாக, உங்கள் பழைய பக்கத்தில் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது, ஏஜென்ட் எவ்வளவு கமிஷன் கேட்டான் என்றெல்லாம் இருக்கிறது. சமையல்கார மாமா அதையா வந்து சொல்லியிருப்பார்? அன்றைக்குச் சாம்பாரில் புளி இல்லை என்பதைச் சொல்லியிருப்பார்.

பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். யாருக்கு 'ஆர்', யாருக்கு 'ஆன்', யாருக்கு 'ஆள்', எந்த வயதிலிருந்து என்று பெயர் வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். 18 வயதில் முதல்முறை வண்டி ஏறும் அப்பா உங்கள் இருபதாம் அத்தியாயத்தில் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பையனை மகள் என்னவென்று சொல்வாள் என்பதுதான் இந்த நாவலிலேயே கஷ்டமான விகுதி. 'அப்பா ஏறினார்' என்றால் மீசை வைத்த ஆள் ஏறுகிறார். 'ஏறினான்' என்றால் மகள் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறாள், அல்லது கொஞ்சம் பெரியவளாகிவிடுகிறாள். 41 வயதுப் பெண்ணுக்கு 18 வயதுப் பையன் மகன் மாதிரிதானே? எனக்கு அந்த இடத்தில் 'ஏறினான்' கேட்கிறது. இதை மட்டும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

எவ்வளவு நாள் என்று கேட்டீர்கள். படர்க்கை அத்தியாயங்கள் பன்னிரண்டு என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. புதிதாக எழுத வேண்டியவை அவைதான். ஆபீஸ் விட்டு வந்து எழுதுகிறவருக்கு வாரம் ஒன்று என்று வைத்தால் மூன்று மாதம். மீதி அத்தியாயங்களில் 'நான்'களை அடிப்பதும், இப்போதைய பெண்ணை அங்கங்கே நுழைப்பதும் இன்னொரு மாதம். முதலில் பதினொன்றும் இருபதும் மட்டும் முடித்து, பழையது இல்லாமல் புதியதை மட்டும் அனுப்புங்கள்.